மாத்து வாரம்

அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தட்டு. என்னை அண்ணாந்து பார்த்து, "அம்மா, இன்னிக்கு எனக்கு என்ன வேலை?" என்று கேட்கிறாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். இடுப்பில் அவளுடைய சாவிக்கொத்து தொங்குகிறது, அதன் கனத்தில் பாவாடை ஒரு பக்கமாக இறங்குகிறது, அதைப் பிடித்தபடியே நான் மிதப்பாகச் சொல்கிறேன்: "மொதல்ல சாப்ட்டு முடி பாப்பா. அப்புறம் கீரை ஆயணும். கீழ சிந்தினா அடிதான்." அம்மா பயந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, "சரிங்கம்மா" என்கிறாள். பக்கத்தில் என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். நோய்வாய்ப்பட்டுக் கிடந்த முகமோ பெட்டிக்குள் பார்த்த முகமோ வருவதில்லை. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் எனக்கு அந்தக் காட்சி வரும்போதெல்லாம் கோபமும் கூடவே வந்துவிடுகிறது.

இந்த விளையாட்டுக்கு மாத்து வாரம் என்று பெயர். மாதத்தில் ஒரு வாரம் அம்மா பிள்ளையாகிவிடுவாள், எங்களில் ஒருத்தி அம்மாவாகிவிடுவாள். விளையாட்டு என்று சொல்லக்கூடாது, அது எங்களுக்குப் பாடம். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்றில் எங்கள் வீடு. வீட்டுக்கூடம்தான் வகுப்பறை, அம்மாதான் டீச்சர். கணக்கு, அறிவியல், தமிழ், ஆங்கிலம், வேதபாடம் எல்லாம் மூன்று வாரம். நான்காவது வாரம் வீட்டை நடத்தும் பாடம். அரிசி எப்போது தீரும், காஸ் எத்தனை நாள் வரும், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தத் துணி சாயம் போகும் என்று அந்த வாரத்து அம்மாதான் பார்க்க வேண்டும். பாப்பாவிடம் யோசனை கேட்கக்கூடாது. பாப்பா எதிர்த்துப் பேசக்கூடாது. இரண்டு விதிதான்.

நாங்கள் ஏன் வீட்டில் படித்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்குத் திக்குவாய். வீட்டில் பேசினால் அவ்வளவாகத் தெரியாது, நாலு பேர் நடுவில் நிறுத்திவிட்டால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். மூன்றாம் வகுப்பில் அவளைக் காலை வணக்கக் கூட்டத்தில் மேடையேற்றி ஏதோ ஒப்பிக்கச் சொன்னார்கள். அவள் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். பள்ளிக்கூடமே சிரித்தது. டீச்சர்களும் சிரித்தார்கள் என்பதுதான் கொடுமை. அம்மாவும் அதே பள்ளியில் டீச்சர், அவளும் அந்த வரிசையில் நின்று அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு தங்கை தினமும் காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். சீருடையைக் கண்டாலே குமட்டும். படுக்கையை நனைத்தாள். ஒரு திங்கட்கிழமை அம்மா வேலையை விட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேர் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

அப்பா அரசாங்க அலுவலகத்தில் இருந்தார். நல்ல மனுஷர், ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கு ரொம்ப முக்கியம். சொந்தக்காரர்கள் எல்லாம் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பொட்டப் பிள்ளைகளைப் பூட்டி வைத்து என்ன படிப்பு என்றார்கள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அம்மாவிடம் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அதே அறையில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். "சரி, பாக்கலாம். ஆனா ஒண்ணு. நாளைக்கு உன் உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அன்னிக்கே ரெண்டும் ஸ்கூலுக்குப் போய்டணும். அப்புறம் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணக்கூடாது." அம்மா, "சரிங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அந்த வீட்டின் ஒழுங்கைப் பற்றி என்னத்தைச் சொல்ல! காலையில் குடும்ப ஜெபம், ஆளுக்கு ஒரு பகுதி வாசிப்போம், தங்கை திக்கினால் யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டோம், அவளே முடிக்கும்வரை காத்திருப்போம். பிறகு சமையல், குளியல். ஒன்பது மணிக்கு அம்மா நைட்டியை மாற்றிக் காட்டன் புடவை கட்டி, தோளில் பின் குத்திக்கொண்டு, சமையலறைப் பின்வாசல் வழியாக வெளியே போவாள். வீட்டைச் சுற்றி வந்து முன்வாசல் வழியாக உள்ளே நுழைவாள். நாங்கள் எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்சர்" என்போம். மதியம் வரை அவளை அம்மா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டே இதை வேடிக்கை பார்ப்பார். "சிஸ்டர், உங்க வீட்டுக்கு நீங்களே விருந்தாளியா வர்றீங்களே" என்று கிண்டல் செய்வார். ரொம்ப நல்லவர். கார்த்திகைக்குப் பொரி உருண்டையும் அப்பமும் கொண்டுவரும்போது, "படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். அம்மா கிறிஸ்துமஸ் கேக்கை முதல் துண்டாக அவருக்குத்தான் வெட்டுவாள். நாங்கள் மொட்டைமாடியில் நின்று மலைமேல் தீபம் ஏற்றுவதைப் பார்ப்போம், பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வருவதற்கு முந்தின நாளே காய்கறி வாங்கி வைப்போம்.

என் தங்கை மெல்ல மெல்லத் தேறினாள். வாந்தி நின்றது. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பதினாலு வயதில் பத்தாம் வகுப்பை என்னோடு சேர்ந்தே எழுதுவது என்று முடிவானது. பள்ளிக்குப் போகாதவர்கள் எழுதும் பொதுப் பரீட்சை, மையம் வேலூரில் போட்டிருந்தார்கள். அதைத் தேறிவிட்டால் அவள் மேலே எந்தப் படிப்புக்கும் போகலாம், யாரும் அவளை மேடையேற்ற முடியாது என்று அம்மா நம்பினாள். அந்தப் பரீட்சையைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு அந்த வருஷம் கண்ணில் படவில்லை.

அந்த வருஷம் மாத்து வாரம் அடிக்கடி வர ஆரம்பித்தது. மாதத்தில் இரண்டு முறை, பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். "பெரிய பொண்ணுங்களாயிட்டீங்க, இன்னும் நல்லா கத்துக்கோங்க" என்றாள். எங்களுக்கு ஒரே குஷி. சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு திரிந்தோம். அம்மா மத்தியானம் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, "பாப்பாக்குத் தூக்கம் வருது" என்பாள். முன்னெல்லாம் பகலில் படுக்கவே மாட்டாள். நாங்கள் போர்வையை இழுத்துவிட்டுத் தட்டிக் கொடுப்போம், தாலாட்டு என்ற பெயரில் ஞாயிறு பள்ளிப் பாட்டுகளைக் கத்துவோம். அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பாள்.

ஒருநாள் சமையலறை மேல்தட்டில் இருந்த டப்பாக்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கி அடுக்கச் சொன்னாள். பருப்பு, மிளகு, பெருங்காயம், எல்லாம். ஒரு டப்பாவைக்கூட இடம் மாற்றுவது அந்த வீட்டில் சின்ன விஷயமில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பாப்பாக்கு மேல எட்டாதுல்ல" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். துணி காயப்போட மாடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். "அது அம்மா வேலை, பாப்பா வேலை இல்ல." தோளில் எப்போதும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். ஒன்பது மணிக்கு வீட்டைச் சுற்றி வருவதை விட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்தபடியே "டீச்சர் வந்துட்டேன்" என்றாள். எதிர்வீட்டு அம்மா ஒரு முறை வாசலில் நிறுத்தி, "என்ன சிஸ்டர், இளைச்சுப் போய்ட்டீங்களே" என்றார். "பொண்ணுங்க சமையல், வேற எப்படி இருப்பேன்?" என்று அம்மா சொல்ல, நான் கோபித்துக்கொண்டு அன்றைக்கு நெய்யைக் கூடுதலாக ஊற்றி வைத்தேன்.

வலது பக்க மார்பில் கட்டி. கை தூக்க முடியாத வலி. எங்கள் யாருக்கும் தெரியாது. வீடு வழக்கத்தைவிட நன்றாக நடந்துகொண்டிருந்தது, அப்பாவுக்கு டிபன் கேரியர் நேரத்துக்குப் போனது, துவைத்த சட்டை அலமாரியில் இருந்தது. அவர் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, "பரவால்லயே, நீ இல்லாட்டியும் இந்த வீடு ஓடும்போல" என்று மெச்சினார். அம்மாவின் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அடப்பாவி மனுஷா, என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று இப்போதும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பரீட்சைக்கு வேலூருக்கு பஸ்ஸில் போய் வந்தோம். ஒவ்வொரு நாளும் அம்மாவும் கூடவே வந்தாள். மையத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதன் கீழே மற்ற அம்மாக்களோடு சேராமல் தனியாக உட்கார்ந்து ஜெபம் பண்ணுவாள். கடைசிப் பரீட்சை கணக்கு. அன்றைக்கு அவள் கொண்டுவந்த பை வழக்கத்தைவிடப் பெரியது. பஸ்ஸில் நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். "என்னம்மா இவ்ளோ வெயிட்டு?" என்றேன். "எழுதி முடிச்சிட்டு வாங்க, சொல்றேன்" என்றாள்.

தங்கை முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிவிட்டதாகச் சொன்னாள், திக்காமல் சொன்னாள். அம்மா அவள் முகத்தை இடது கையால் தடவிக்கொடுத்தாள். ஓட்டலுக்குக் கூட்டிப்போய் எங்களுக்குப் பிடித்த பரோட்டா வாங்கிக் கொடுத்து, நாங்கள் கை கழுவி வரும்வரை காத்திருந்து, பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பாவுக்கு போன் போடு. இங்கயே வரச் சொல்லு. எனக்குக் கொஞ்சம் டாக்டரப் பாக்கணும்." பையைத் திறந்து காட்டினாள். அவளுக்கு இரண்டு நைட்டி, எங்களுக்கு மாற்றுத்துணி, துண்டு, டம்ளர், சோப்பு, அடையாள அட்டையின் நகல்கள், அப்பாவுக்கு ஒரு சட்டை. ஆஸ்பத்திரியில் தங்குவதற்கு வேண்டியது அத்தனையும் மடித்து மடித்து அடுக்கியிருந்தாள்.

டாக்டர் வயதானவர். பரிசோதித்துவிட்டு, "ஏம்மா, இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று அதட்டினார். "பிள்ளைங்களுக்குப் பரீட்சைங்க" என்றாள் அம்மா. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். அந்தப் பார்வையை என் தங்கை இன்றுவரை மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ரிசல்ட் வந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். தலைமுடி எல்லாம் போயிருந்தது. இரண்டு பேரும் பாஸ். தங்கை கணக்கில் நல்ல மார்க். அம்மா கைதட்டப் பார்த்தாள், முடியவில்லை, படுக்கையை ஒரு கையால் தட்டினாள். மழைக்காலத்தில், தீபத்துக்கு முந்தின நாள் போய்விட்டாள்.

தீபத்துக்கு ஊரே கொள்ளாத கூட்டம். பஸ்களை எல்லாம் வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் மழையில் சேற்றை மிதித்து நடந்து வந்தார்கள். நானும் தங்கையும் என்ன செய்தோம் தெரியுமா? வந்தவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் வைத்தோம். ஈரக் குடைகளுக்கு வாளி வைத்தோம். சர்க்கரை இல்லாத காபி யாருக்கு என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். பெட்டிக்கு விரிக்க வெள்ளைத் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தங்கை சொன்னாள், நான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் அழவில்லை. அழ நேரமில்லை. பெரியம்மா, வீட்டில் படித்தால் உருப்படுமா என்று வருஷக்கணக்காகக் கேட்டவர், எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னமா வளத்திருக்கா! அவ இல்லாத கொறையே தெரியலையே!" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அந்த காபித் தட்டை அவர் தலையிலேயே கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. குறை தெரிய வேண்டாமா? பெற்றவள் பெட்டிக்குள் கிடக்கிறாள், வீட்டில் ஒரு டம்ளர்கூட இடம் மாறவில்லை.

அடக்கம் முடிந்து வந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது எங்கள் சபைப் பாஸ்டரம்மா அப்பாவிடம் பேசினார். "பிரதர், எனக்கு மட்டும் ஒரு வருஷமாத் தெரியும். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஜெபத்துல வச்சு வாக்கு வாங்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க சிஸ்டர்னு கால்ல விழாத கொறையாக் கெஞ்சினேன். அதுக்கு அவங்க, 'என் உடம்புக்கு ஒண்ணுன்னா புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பிடணும்னு அவர்கிட்ட ஒத்துக்கிட்டேன், சின்னவ செத்துடுவா, பரீட்சை முடியட்டும்'னு சொல்லிட்டாங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நானா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார். நடிப்பில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டே அவசரத்தில் விட்ட ஒரு வார்த்தை. மறுநாளே மறந்திருப்பார். அம்மா அதை ஆண்டவர் முன்னால் கொடுத்த வாக்கு மாதிரி தூக்கிச் சுமந்திருக்கிறாள். ஒரு தரம், ஒரே ஒரு தரம், "ஏங்க, அன்னிக்குச் சொன்னீங்களே, அது நெஜமா?" என்று கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். போடி பைத்தியக்காரி, முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றிருப்பார். அவர் என்னைப் பார்த்து, "அப்படிச் சொன்னேனாடி?" என்று கேட்டார். நான், "தெரியலப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் சாகும்வரை அதே கேள்வியை யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை சென்னைக்குப் படிக்கப் போனாள். அங்கேயே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. திருமணம் வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா அடக்கத்துக்கு வந்தவள்தான், பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. போனில் பேசுவோம், அம்மா பேச்சு வந்தால் வைத்துவிடுவாள். ஒரு தடவை மட்டும், "எ... எனக்காகத்தான்னு மட்டும் சொல்லிடாதக்கா" என்றாள். நான் சொன்னதேயில்லை. சொல்லாவிட்டால் மட்டும் அவளுக்குத் தெரியாதா?

நான் இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள் உண்டு. அவர்களில் சில தாய்மார்கள் பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்துத் தாங்களே பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் தண்ணீர் கொண்டுபோய் வைக்கும் சாக்கில் அந்தத் தாயின் முகத்தைத்தான் பார்ப்பேன், நன்றாகச் சாப்பிடுகிறாளா, கையைத் தூக்குகிறாளா என்று. பைத்தியக்காரத்தனம்தான். என் மகளுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு ஒரு டீ போடக்கூடத் தெரியாது. மாமியார் தலையில் அடித்துக்கொள்கிறார். என் வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருக்காது. ஜெபம் உண்டு, ஒழுங்கு மட்டும் கிடையாது. அம்மா பார்த்தால் மறுபடியும் செத்துப்போவாள்.

போன மாதம் எனக்கு நல்ல காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். மகள் பள்ளி விட்டு வந்ததும், "எனக்கு ரொம்ப முடியலடி" என்றேன். அவ்வளவுதான். பையை அப்படியே போட்டுவிட்டு ஊரைக் கூட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், அப்பாவுக்கு போன் போட்டாள், பாட்டிக்குப் போட்டாள், சென்னையில் இருக்கும் சித்திக்குப் போட்டு, "அம்மா செத்துடுவாங்களா சித்தி?" என்று ஓவென்று அழுதாள். ஐயோ, வெறும் காய்ச்சல்டி என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் கஞ்சியோடு வந்தார், ஒருவர் ஆட்டோவோடு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுத் திரும்பினோம்.

ராத்திரி பத்து மணிக்குத் தங்கை வந்து நின்றாள். அலுவலகத்திலிருந்து கட்டிய புடவையோடு பஸ் ஏறியிருக்கிறாள். மாற்றுத்துணிகூட எடுத்துவரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். என் இரண்டு கையையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள். "வெறும் காய்ச்சல்தான்டி. டாக்டரு சொல்லிட்டாரு" என்றேன்.

"சொ... சொல்லிட்டியேக்கா" என்றாள். "உடம்பு முடியலன்னு வா... வாயத் தொறந்து சொல்லிட்டியே."

என் மேல் கவிழ்ந்து அழுதாள். அம்மாவுக்கு நாங்கள் அழாத அழுகை அது. நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமலே என் மகளும் எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டு அழுதாள். தங்கைக்கென்று பக்கத்து வீட்டுக்காரர் காபிக்கு வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிருந்தது. அவரே எட்டிப் பார்த்து காஸை மூடிவிட்டுப் போனார். நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை.